ஓரத் திருகில் சிவப்புப் புள்ளி

மூத்தவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று வீட்டில் மற்ற மூன்று பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசியில் நூல் ஏறாவிட்டால் நூல் மட்டம், செய்தித்தாளில் எழுத்து தெரியாவிட்டால் அச்சு மட்டம், சால்டரிங் வைத்த இடம் பிசிறடித்தால் ஈயம் மட்டம். புருஷன் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்த கண்ணாடி, உறையைவிட்டு வெளியே வராமல் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. நாற்பத்து நான்கு வயதில் கண்ணாடி என்றால் நாற்பத்தைந்தில் என்ன, கைத்தடியா என்று கேட்டாள்.

கீழே கடை, மேலே வீடு. அண்ணன் தம்பி இருவரும் நடத்தும் எலெக்ட்ரிக் கிட்டார் பழுது பார்க்கும் கடை அது. மூத்தவளின் புருஷனான அண்ணன் வருகிறவர்களிடம் பேசுவார், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பார். தம்பிக்குப் பின்கட்டில் மர வேலை. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து, மரத்தூள் படிந்து அவனுடைய புருவம்கூட எப்போதும் செம்பட்டையாகத்தான் இருக்கும். கிட்டாரின் வயிற்றுக்குள் நடக்கும் வயர் வேலை முழுவதும் பதினான்கு வருஷமாக மூத்தவளுடையது. கடையில் ஜன்னலை ஒட்டி இருக்கும் ஒரே மேஜையும் அவளுடையதுதான்.

வேலை முடிந்ததும் கிட்டாரின் பின்தகட்டை மூடி, ஓரத் திருகின் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பாள். திருகு தளராமல் இருக்கட்டும் என்று ஆரம்பித்தது, போகப் போக அதுவே முத்திரையாகிவிட்டது. வாத்தியக்காரர்கள் கிட்டாரை வாங்கியதும் முதலில் திருப்பி அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். கடையில் வேறு யார் கை வைத்த வேலையானாலும் மூத்தவள் ஒருமுறை பார்த்த பிறகுதான் புள்ளி ஏறும். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

இளையவள் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தம்பியைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவி செய்கிற தொழிற்சாலையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். சுண்டுவிரல் நகத்தளவு தகட்டில் பதினாறு இடத்தில் ஈயம் வைத்த கை. முதல் வாரம் சும்மா நின்று பார்த்தாள். இரண்டாவது வாரம், வயரை உரித்துத் தரட்டுமா அக்கா என்று கேட்டாள். மூன்றாவது மாதம் பின்கட்டுக்குப் போகும் நடையில் அவளுக்கு ஒரு குட்டி மேஜை போட்டார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, மஞ்சள் பல்பு ஒன்றுதான். அந்த அழுமூஞ்சி வெளிச்சத்திலும் அவள் வேலை பளிச்சென்று இருந்தது.

அண்ணன் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஈயம் எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், கடுகு கடுகாக என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மூத்தவளின் ஈயமும் பதினான்கு வருஷமாக உட்கார்ந்துதான் இருந்தது. அதை அவர் ஒருநாளும் கடுகு என்றும் சொன்னதில்லை, மிளகு என்றும் சொன்னதில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைப்பானேன்? காலையில் எழுந்ததும் வயிற்றில் ஒரு எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இளையவளின் மேஜையைத் தாண்டும்போதெல்லாம் அது கொஞ்சம் எழும்பும். அந்தப் பெண்ணாவது வாய்த்துடுக்காக இருந்திருக்கலாம். சண்டை போட ஒரு சாக்கு வேண்டாமா? அவளோ அக்கா அக்கா என்று உயிரை விட்டாள். தட்டில் கடைசி முட்டை மிஞ்சினால் மூத்தவள் பக்கம் தள்ளினாள். மழையில் நனைந்து வந்தால் துண்டோடு வாசலில் நின்றாள். இப்படிப்பட்டவளை எந்தக் குற்றம் சொல்லித் திட்டுவது? மூத்தவளுக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை விடாத மழை. கடை வாசலில் சாக்கு விரித்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கம்மல்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், இடது காதில் ஒற்றைக் கம்மல், பெரிய மண்டபங்களில் வாசிக்கிறவர். பன்னிரண்டு வருஷமாக அவருடைய கிட்டாரின் உள்ளே மூத்தவளைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. சனிக்கிழமை ஒரு பெரிய நிகழ்ச்சி இருக்கிறது, முதல் பாட்டுக்கு மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும், ஃபேஸ் ஸ்விட்ச் ஒன்று போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்.

அவர் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிறவை. இரண்டும் ஒத்துப் பேசினால் சத்தம் தடியாக, நிறைவாக வரும். ஒன்றின் இரண்டு வயரையும் இடம் மாற்றிவிட்டால், அது இழுக்கும்போது மற்றது தள்ளும். கனத்த சத்தமெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மெலிந்து நெளிகிற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அதற்கும் ஆசைப்படுகிற ஆள் உண்டு. வேண்டும்போது அதைக் கொண்டுவரவும் வேண்டாதபோது விரட்டவும்தான் இந்த ஸ்விட்ச். அடியில் ஆறு கால் இருக்கும். நடுக்கால் இரண்டில் பிக்கப்பின் வயர், மூலைக்கால் நான்கில் கத்திரி போட்ட மாதிரி குறுக்கே இரண்டு வயர். மூத்தவள் எத்தனையோ போட்டிருக்கிறாள். கையை நீட்டி கிட்டாரை வாங்கப் போனாள்.

"சின்னத் தங்கச்சி கை ரொம்ப நுணுக்கமாமே," என்றார் கம்மல்காரர் சிரித்துக்கொண்டே. "இதை அது போடட்டுமே தங்கச்சி. நீ பக்கத்துல இருந்து பாத்துக்க."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையைத் துடைத்தாள் மூத்தவள். இது அவராக யோசித்த பேச்சு இல்லை, புருஷன் ஓதியது என்று உடனே புரிந்தது. மத்தியானம் சாப்பிடும்போது மிச்சமும் வெளியே வந்தது. சின்னவர்கள் இருவரும் கீழே இருந்தார்கள். அண்ணன் ரொட்டியைப் பிய்த்து உருளைக்கிழங்குக் குழம்பில் தோய்த்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த வேலை நல்லபடியா முடிஞ்சா ஜன்னல் மேஜைய அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன். பாவம், இருட்டுல உக்காந்து பண்றா. நீ சும்மா மேற்பார்வை பாத்துக்க. உன் கண்ணுக்கும் நல்லது."

அவளுக்கு மேஜை போனதைவிட அந்தச் 'சும்மா' தான் சுருக்கென்று தைத்தது. வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை இளையவள் வேலையை முடித்தாள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கிட்டாரை ஜன்னல் மேஜைக்கே கொண்டுவந்து, ஒரு பழைய துணியை விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு தடவை பாருங்களேன்," என்றாள்.

மூத்தவள் குனிந்தாள். கண்ணாடி இல்லாததால் ஈயத்தின் பளபளப்பு கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்குக் கண்ணே வேண்டாம். குறுக்கு வயர் இரண்டும் ஒரே நீளம். வளைவு ஒரே வளைவு. குற்றம் கண்டுபிடித்தே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாக வந்தாள். மூலைக்கால் நான்கிலும் ஒன்றுமில்லை. நடுக்காலில் நின்றாள்.

அந்தப் பழைய பிக்கப்பிலிருந்து வருவது ஒரே வயர். உள்ளே ஓர் இழை, அதைச் சுற்றி வெள்ளிக்கம்பிப் பின்னல். பின்னல்தான் எர்த். பிக்கப்பின் மேல் இருக்கும் நிக்கல் மூடியும் அதே பின்னலோடு ஒட்டியிருக்கும். இளையவள் இழையை ஒரு நடுக்காலிலும் பின்னலை மற்ற நடுக்காலிலும் போட்டு, பின்னல் எதிலும் படாமலிருக்க மெல்லிய குழாய்கூட மாட்டியிருந்தாள். அழகான வேலை. ஆனால் ஸ்விட்சைத் திருப்பினால் பின்னலும் இழையும் இடம் மாறும். பின்னலோடு சேர்ந்து மூடியும், சத்தம் போகிற வழியில் வந்து நிற்கும். அப்போது அந்த மூடியில் ஒரு விரல் பட்டால் போதும், ஆம்ப் உறும ஆரம்பித்துவிடும். முதலிலேயே பிக்கப்பைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின் முனையை மூடியிலிருந்து பிரித்துத் தனி வயர் கொடுத்திருக்க வேண்டும். காதுக் கருவிக்கு எல்லாமே பிளாஸ்டிக் கூடு. ஐந்து வருஷம் பிளாஸ்டிக்கோடு பழகியவளுக்கு இது எங்கே தெரியும்? மூத்தவளுக்கே இரண்டாவது வருஷம் ஒரு பாட்டு வாத்தியாரின் கிட்டார் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அன்று அவள் அழுதிருக்கிறாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கம்மல்காரரின் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து மூடியில் ஓர் இடத்தில் நிக்கல் தேய்ந்து மஞ்சளாக இருக்கும். வாசிக்கும்போது அவர் சுண்டுவிரலை ஊன்றுகிற இடம் அது. இளையவள் ஸ்விட்ச் வைத்திருந்தது அதே பிக்கப்புக்குத்தான்.

"சரியா இருக்காக்கா?"

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மேஜையின் மேல் விழுந்த வெளிச்சத்தில் கையை வைத்து, வெயில் காய்கிற மாதிரி விரல்களை விரித்தாள். சாதாரணமாகத்தான் செய்தாள். மூத்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போனாள்.

அடுப்பில் பால் இல்லை. வீட்டிலேயே பால் இல்லை. மழையில் அன்று பால் வரவில்லை. அணைந்த அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே அண்ணன் கிட்டாரை மேஜையில் மல்லாத்திப் போட்டு, கம்பியைச் சுண்டி ஸ்விட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்ப்பது கேட்டது. தடிச் சத்தம், மெலிந்த சத்தம், மறுபடி தடிச் சத்தம். பேஷ் பேஷ் என்றார். கம்பியை மட்டும் தொட்டால் அப்படித்தான் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் நான்கு பேரும் பாலில்லாமல் வெறும் டீ குடித்தார்கள்.

வியாழக்கிழமை அவள் காய் வாங்கப் போயிருந்த நேரத்தில், கம்மல்காரரின் குழுவில் மத்தளம் அடிக்கிறவர் வந்து கிட்டாரை எடுத்துப் போய்விட்டார். போகட்டும் என்று நினைத்தாள். ஒத்திகையில் உறுமும், திருப்பிக் கொண்டுவருவார்கள், அவள் ஐந்து நிமிஷத்தில் காரணம் சொல்வாள். 'கை நுணுக்கம் இருந்தா போதுமா' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். அதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடப் பாத்திரம் கழுவியபடி பழகிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அன்று பகல் முழுவதும் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. சந்தோஷப்படப் போகிற நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளுமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கம்மல்காரரே வந்தார். மழை நின்றிருந்தது. செருப்பைக்கூட சாக்கில் துடைக்காமல் உள்ளே வந்து, எதுவும் பேசாமல் கிட்டாரை அங்கிருந்த ஆம்பில் சொருகி, ஸ்விட்சைத் தள்ளிச் சுண்டுவிரலை ஊன்றினார். ஆம்ப் உறுமியது. விரலை எடுத்தார், அடங்கியது. ஊன்றினார், உறுமியது. பின்கட்டிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான்.

ஒத்திகையில் வேறு கிட்டாரை வாசித்ததாகவும், இதை நேராக மண்டபத்துக்கே கொண்டு போய்விட்டதாகவும், இன்று காலை அங்கே சொருகியபோதுதான் உறுமியதாகவும் சொன்னார். ஆறு மணிக்கு மேடை ஏற வேண்டும். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"புள்ளி இருந்துச்சு தங்கச்சி," என்றார். "அதனாலதான் நேத்து வரைக்கும் சொருகிக்கூடப் பாக்கல."

மூத்தவளுக்குப் புரியவில்லை. அவள் புள்ளி வைக்கவே இல்லையே. கிட்டாரை வாங்கித் திருப்பினாள். பின்தகட்டின் ஓரத் திருகில், அவள் வைக்கும் அதே இடத்தில், அவள் வைப்பதைவிடக் கொஞ்சம் சின்னதாக, பிசிறில்லாமல் ஒரு சிவப்புப் புள்ளி.

அண்ணன் இளையவள் பக்கம் திரும்பினார். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. "நான்தான் போட்டேன் மாமா," என்றாள். "புள்ளியும் நான்தான் வெச்சேன். அக்கா குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அக்கா பாத்துட்டு ஒண்ணும் சொல்லலைன்னா சரியாத்தான இருக்கும்?"

அண்ணன் பெருமூச்சு விட்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தன் விளக்கப்படி. "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல," என்றார். "கண்ணாடி போடு போடுன்னு நான் எத்தனை தடவை தலையால அடிச்சுக்கிட்டேன். இவளுக்குக் கண்ணு தெரியல. அதை ஒத்துக்கவும் மாட்டேங்கறா."

கம்மல்காரர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். தம்பிகூட, ஆமாம் அண்ணி, வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றான். மூன்று ஆண்களும் சேர்ந்து அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தலையை மட்டும் குனிந்தால் போதும். கண் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் மேஜை போகும், பதினான்கு வருஷம் போகும், மற்றபடி யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. இளையவள்கூட அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பதிலை நம்பத் தயாராக.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மூத்தவள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "பின்னலும் மூடியும் ஒண்ணா இருக்குன்னு புதன்கிழமையே பாத்தேன். நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொல்லல."

"ஏன்?" என்றார் அண்ணன். கேட்ட பிறகு அவருக்கே புரிந்தது போலிருக்கிறது. ஜன்னல் மேஜையைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

கம்மல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடை ஏறுகிற மனிதர், அவருக்கு அவர் கவலை. "உங்க வீட்டு விவகாரத்த அப்புறம் பேசிக்கங்க," என்றார். "நாலரைக்குள்ள ஆகுமா?"

ஆகும் என்று இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

பிக்கப்பைக் கழற்றி மூடியின் ஈயத்தை உருக்கிப் பிரிக்க இருபது நிமிஷம் ஆனது. அடுத்ததுதான் வேலை. மூடியின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் சுருளின் முனை, தலைமுடியைவிட மெல்லியது. அதை அறுக்காமல் தூக்க வேண்டும். அறுந்தால் அந்தப் பிக்கப்பே போய்விடும், சனிக்கிழமையும் போய்விடும். ஒருத்தி இடுக்கியால் பிடிக்க, ஒருத்தி ஈயம் உருக்கும் அயர்னை வைக்க வேண்டும். மூத்தவள் இடுக்கியை எடுத்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். எழுந்து மாடிக்குப் போனாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்த உறையைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றி எறிந்திருப்பாள்.

தலை இரண்டும் முட்டுகிற மாதிரி குனிந்து வேலை செய்தார்கள். முனை ஒரு துளி உருகிய ஈயத்திலிருந்து மெதுவாக எழும்பி வந்தது. புது வயர், மூடிக்குத் தனி எர்த், ஸ்விட்சின் நடுக்காலில் புது இணைப்பு. இளையவள் மூச்சைப் பிடித்து ஈயம் வைத்தாள். வைத்துவிட்டு, அயர்னைத் தாங்கியில் சொருகியபடி, தணிந்த குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு சாயங்காலம் நாம வெறும் டீதானக்கா குடிச்சோம்."

மூத்தவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பால் பொங்கியிருக்கும்னு நெனச்சேன். பாத்திரத்தக் கழுவிட்டீங்க போலன்னு நெனச்சேன். எனக்கு அப்ப ஒண்ணுமே தோணல."

மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். அது மூத்தவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணாடி வழியாக அவள் அந்தப் பெண்ணின் வேலையை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கலாகத் தெரிந்தபோது நினைத்ததைவிட அது இன்னும் நன்றாக இருந்தது. தன்னால் முப்பது வயதிலும் இப்படி வைத்திருக்க முடியாது. வயிற்றில் அந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் போய்விடும் என்று யார் சொன்னது? இப்போது அது கண்ணுக்கு நேராக, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நான்கு மணிக்குக் கம்மல்காரர் சுண்டுவிரலை ஊன்றி வாசித்துப் பார்த்தார். மூக்கால் பேசும் சத்தம் நெளிந்து வந்தது, உறுமல் இல்லை. தலையை ஆட்டிவிட்டுக் கிட்டாரைப் பெட்டியில் வைக்கப் போனார். இளையவள் தடுத்தாள். கிட்டாரை வாங்கி மேஜையில் கவிழ்த்து, ஓரத் திருகில் இருந்த சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். துகளை ஊதினாள். பின்தகட்டைத் திறந்து, நகப்பூச்சுக் குப்பியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு மூத்தவளைப் பார்த்தாள்.

"பாருங்கக்கா. பாத்துட்டுப் போயிடாதீங்க. சரியா இருக்கா இல்லையான்னு வாயத் திறந்து சொல்லுங்க. இனிமே எனக்கு அது வேணும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அண்ணன், தம்பி, கம்மல்காரர் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூத்தவள் குனிந்தாள். ஆறு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நடுக்காலில் நிறைய நேரம் நின்றாள். குற்றம் ஏதாவது கிடைக்காதா என்று இந்த முறையும் தேடத்தான் செய்தாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

இளையவள் குப்பியை நீட்டினாள். மூத்தவள் திருகை இறுக்கிப் புள்ளி வைத்தாள். பிறகு ஜன்னல் மேஜை மேல் கிடந்த தன் இடுக்கியையும் ஈயக்கம்பியையும் வாரிக்கொண்டு, நடையிலிருந்த சின்ன மேஜைக்குப் போய், மஞ்சள் பல்பைப் போட்டாள்.